மழை இல்லை என்று எழுதியவர்

செவ்வாய்க்கிழமை காலை அம்பாங்கான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி மணி அடித்தது. ரஹாங்கிலிருந்து திரேசா. "மாமா, அப்பா போயிட்டாருலா. காலையில காப்பி கேட்டாரு. நான் போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." அவள் அப்பா அருளப்பன் கிராணிக்கு எண்பத்தொரு வயது. மறுநாள் தேவாலயத்தில் நடந்த பூசைக்கு நம் பழைய தோட்டத்து ஆட்கள் முப்பது பேராவது வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது, தோட்டத்தில் எங்களோடு இருந்த பாக்கியத்தின் மகன் என்னை நிறுத்தி, "இவர ஒரு தடவை போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சாமே. எதுக்கு மாமா?" என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை அது. நம்மில் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்தபோது, போர்ட்டிக்சன் கடற்கரையை ஒட்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவரும் நானும் கிராணிகள், அதாவது அலுவலக எழுத்தர்கள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். நான் ஆள்கணக்கு எழுதினேன். மழைக்கணக்கு அவர் பொறுப்பு. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு செப்புக் குவளை நட்டிருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் விழுந்த மழையைக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மதியம் ரேடியோவில் ஆங்கில வானிலைச் செய்தி கேட்டு, காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்துப் பலகையில் தமிழில் எழுதுவார். மழை பெய்தால் மரத்தைக் கீறி ரப்பர் பால் வெட்ட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பலகையை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

முதல் நாள், 'கடலோரத்தில் ஆங்காங்கே மழை பெய்யக்கூடும்' என்று எழுதினார். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சின்னசாமி பலகைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஆங்காங்கேன்னா நம்ம எடமா, பக்கத்து தோட்டமா கிராணி?"

"தெரியலண்ணே."

"தெரியாதத எதுக்குலா எழுதுறீங்க?"

மறுநாள் பலகையில் இப்படி இருந்தது: 'மழை வரலாம், வராமலும் போகலாம். ரேடியோவுக்கே சரியாகத் தெரியவில்லை.' சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து நம்பினார்கள்.

ஒருமுறை 'மழை இல்லை' என்று முந்தின நாள் அவர் எழுதியிருக்க, காலை ஒன்பது மணிக்குக் கொட்டித் தீர்த்து, வெட்டிய பாலெல்லாம் கழுவிக்கொண்டு போனது. அடுத்த நாள் பலகையில், 'நேற்றைக்கு நான் எழுதியது தவறு. அருளப்பன்' என்று இருந்தது. பெரிய கிராணிக்குக் கோபம். "தப்பு பண்ணிட்டேன்னு நீயே எழுதுனா ஆளுங்க மதிப்பாங்களா?" என்றார். இவர் அமைதியாக, "தப்புன்னு அவங்களுக்கு நேத்தே தெரியும் சார். நனைஞ்சது அவங்கதான்" என்றார்.

இனி பாக்கியத்தின் மகன் கேட்டதற்கு வருகிறேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, நான்கு இடங்களில் இருந்த தொழிலாளர் லய வீடுகளை ஒரே இடத்துக்கு மாற்றிச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே வாசல். காலையில் வேலைக்குப் போகும்போது சோதனை, மதியம் திரும்பும்போது சோதனை. ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. வேலை முடிந்து வரும்போது வாளியில் பாலைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. மதியத்துக்குப் பிறகு வாசல் மூடிவிடும். அத்தனை குடும்பங்களுக்கும் வேலிக்குள் ஒரே ஒரு கிணறு. மழைக்காலத்தில் அது போதுமானதாக இருந்ததால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நம் ஊரில் இலையுதிர் காலம் என்று ஒன்று உண்டென்றால், அது தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை கொட்டும் நாட்கள்தான். அந்த வருடம் தொடர்ந்து பதினொரு நாள் மழையில்லை. பன்னிரண்டாம் நாள் ரேடியோவில், மேற்குக் கடற்கரை நெடுக அடுத்த ஒரு வாரத்துக்கும் வறண்ட வானிலையே நீடிக்கும் என்றார்கள். அருளப்பன் பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றை அளந்தார். திரும்பி வந்து என்னிடம், "முத்து, இந்தப் போக்குல போனா நாலு நாள்தான் தாங்கும்" என்றார்.

தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளரான துரையிடம் போனோம். வாசல் தன் கையில் இல்லை, போலீசிடம் கேளுங்கள் என்றார் துரை. மறுநாள் ஜீப்பில் வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியிடம் அருளப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை வாசலைத் திறந்தால் பெண்கள் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வருவார்கள். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மழை வராது என்று நீ உத்தரவாதம் தருவாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தர முடியாது, ஐயா. இதுவரை வரவில்லை என்பதற்கு மட்டும்தான் தர முடியும்."

அந்தப் பதில் அதிகாரிக்குப் பிடித்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தாள் எழுதினார். போகும் பெண்கள் அத்தனை பேரும் ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். யார் வாளியிலாவது அரிசியோ பருப்போ இருந்தால், யாராவது திரும்பாவிட்டால், கையெழுத்துப் போட்டவர்கள் உள்ளே போக வேண்டும். இரண்டு கிராணிகள் கையெழுத்து வேண்டும் என்றார். அப்போதெல்லாம் உள்ளே போனால் வழக்கும் இல்லை, இத்தனை நாள் என்ற கணக்கும் இல்லை. எப்போது வெளியே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அருளப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவருக்கு வீட்டில் திரேசா கைக்குழந்தை. நான் பேனாவை வாங்கவில்லை. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "ஒரு கையெழுத்துத்தான் இருக்கிறது, ஐயா" என்றார். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் முப்பத்திரண்டு பெண்கள் போனார்கள், முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள். அருளப்பன் வாசலில் நின்று எண்ணினார். மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு முப்பத்தொரு பேர்தான். பாக்கியத்தைக் காணவில்லை. ஆறும் வற்றிக்கொண்டிருந்தது, மணலில் குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுதான் நிரப்ப வேண்டியிருந்தது என்றார்கள் மற்றப் பெண்கள். பாக்கியத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் கடைசியாகத்தான் போயிருந்தாள்.

வாசல் காவலுக்கு நின்ற ஹமீது கடிகாரத்தைப் பார்த்தார். ரோந்துப் படை கண்ணில் அவள் பட்டால் என்ன ஆகும் என்று அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். அருளப்பன் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டார்.

"ஹமீது, வாசலை மூடிடு. நான் போறேன்."

"கிராணி, சுடுவாங்க."

"சத்தம் போட்டுக்கிட்டே போறவன ஒளிஞ்சு போறவன்னு யாரும் நினைக்க மாட்டாங்க."

டின்னைத் தட்டியபடி, பாக்கியத்தின் பெயரைக் கூவியபடி போனார். காய்ந்த இலைகள் மிதிபடும் ஓசையும் டின் சத்தமும் குறைந்துகொண்டே போயின. பிறகு எதுவும் கேட்கவில்லை. அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. கால் மணி நேரத்துக்குப் பிறகு டின் சத்தம் மறுபடியும் கேட்டது. முன்னால் அவர், பின்னால் தலையில் வாளியோடு பாக்கியம்.

அதிகாரி வாளியை இறக்கச் சொல்லி, அடியில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க அப்படியே தரையில் கவிழ்த்தார். தண்ணீரும் கொஞ்சம் மணலும்தான் இருந்தன. பாக்கியம் ஈரத் தரையைப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம் சொரண்டுனேன் தொர" என்றாள். அருளப்பனை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். ஏறும்போது என்னிடம், "காலையில ஏழு மணிக்கு அளந்துடு முத்து. கிணத்தையும் பாரு" என்றார்.

அளந்தேன். பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளும் 'இல்லை'. வாசல் திறக்கவில்லை. மூன்றாம் நாளும் 'இல்லை'; அன்று காலை கிணற்றில் சேறுதான் வந்தது. அதை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதற்குமேல் என்னால் அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு பால் லோரியில் ஏறிக் காவல் நிலையத்துக்குப் போனேன். பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். அதிகாரி விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். பதினெட்டு வரி, பதினெட்டு 'இல்லை'. "இந்தக் கடைசி மூன்றும் யார் எழுதியது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து அருளப்பன் வெளியே வந்தார். சவரம் செய்யாத முகம், ஒரு கண் வீங்கியிருந்தது. அன்று மாலையிலிருந்து அதிகாரியின் உத்தரவுப்படி பால் லோரியில் தோம்பு என்கிற பீப்பாய்களை வைத்து நகரத்திலிருந்து தினமும் இரண்டு நடை தண்ணீர் வந்தது. காவல் நிலையத்திலிருந்து திரும்ப லோரியில் ஏறியதும் அவர் கேட்டது, "கிணறு எவ்வளவு?"

"சேறுதான்."

தலையாட்டினார். அதற்கு ஒன்பதாம் நாள் மழை பெய்தது. பெண்கள் வீட்டிலிருந்த பானை சட்டி அத்தனையையும் கூரை ஓரத்தில் வைத்துவிட்டு நனைந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு ஐம்பது வருடத்துக்கும் மேல் நாங்கள் நண்பர்களாகவே இருந்தோம். என் பிள்ளைகள் கல்யாணத்தில் அவர் பந்தி பரிமாறினார். அந்தப் பேனாவைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அவர் மனைவி இறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஹாங் வீட்டுக்குப் போயிருந்தபோது நானே சொன்னேன், அன்று பயந்துவிட்டேன் என்று.

"தெரியும்லா. ஒனக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. நான் ஒன்ன தப்பா நெனைக்கல" என்றார்.

"ஒருநாள்கூடவா?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒருநாள் நெனைச்சேன். ரெண்டாவது நாள், லாக்கப்புல. மூணாவது நாள் நீ வந்துட்ட."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது நாளைத்தான். அதை மறைத்திருந்தால் எனக்கு அன்று ஆறுதலாக இருந்திருக்கும்; ஆனால் அவர் மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது சந்தேகம் இல்லை.