பஸ்ஸில் நான் வாதாடிய வெள்ளைக்கார ஆல்பம்

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது போனோடு இணையவே இல்லை, பாட்டு பஸ் முழுக்கக் கேட்கிறது என்பது கண்டியூர் தாண்டித்தான் தெரிந்தது.

பாட்டு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் அனுப்பியது. ஒரு பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பம். "முழுசா கேட்டு வைங்கப்பா, பேசலாம்" என்றிருந்தாள். வழக்கமாக எங்கள் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும்.

பக்கத்து சீட்டில் உரக்கடைக்காரர். "நம்ம சினிமாப் பாட்ட அப்படியே சுட்டிருக்கானுங்க பாருங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இல்லண்ணே, இது வந்தப்ப நானே பொறக்கல. இதைக் கேட்டுத்தான் ஊர் ஊருக்குப் புதுசா பாட்டு போட ஆரம்பிச்சாங்களாம். நம்மாளுங்களும்தான்" என்று மகள் சொன்னதை ஒப்பித்தேன்.

"அப்ப நம்மாளு திருடன்ங்கிறீங்க?"

முன் சீட்டு அம்மா திரும்பினார். "திருவையாத்துல பஸ் ஏறிட்டுப் பேசுற பேச்சா இது?"

பஸ்ஸே எனக்கு எதிர்க்கட்சி. டிரம்ஸ், கிடார் என்று தெரியாததையெல்லாம் சொல்லித் தஞ்சாவூர் வரை தனியாளாகக் கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். இறங்கும்போதும் உரக்கடைக்காரர், "வீட்டுக்குப் போயி நல்லா விசாரிங்க" என்றார்.

மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது நிமிஷம் பேசினோம்.

"சண்டை போடுற அளவுக்குப் புடிச்சிருச்சாப்பா? அப்ப ரெண்டாவது ஆல்பமும் அனுப்புறேன்."

"அனுப்பும்மா" என்றேன்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது கமெண்ட்டில் உதவுங்கள். நாலு தடவை கேட்டும், ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.