ஒண்ணாந்தரம்

எங்கள் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில், ரப்பர் ஷீட் அடிக்கும் பழைய இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு கியர் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. தடித்த டயர்கள் காற்றிறங்கிச் சப்பிக் கிடக்கின்றன. சிவப்புச் சாயம் இருந்த இடத்தில் இப்போது துருதான் அதிகம். வலது கைப்பிடியருகே கியர் மாற்றும் விசையும், அதன்மேல் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்களும் உண்டு. விசை ஒன்றில் நிற்கிறது. துருப்பிடித்ததால் நின்றுபோனது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. எங்கள் அப்பா ஓட்டிய காலம் முழுவதும் அது அங்கேயேதான் நின்றது. அதை ஒன்றைவிட்டு நகர்த்த அவர் சம்மதித்ததே இல்லை.

அப்பா வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அம்மா முன்பே போய்விட்டாள். கேரள எல்லையில், குன்னத்துகாலுக்குக் கொஞ்சம் கிழக்கே இருந்த எங்கள் வீட்டில் அவரும், டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதி எழுதிச் சலித்துப்போன நானும்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலையில், பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்தார். மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்கா, அத்தானையும் சின்ன மகளையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். எனக்காக எப்போதோ வாங்கி அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்த இந்த சைக்கிளும் அவளோடு வந்து இறங்கியது.

ஊரில் அதுவரை கியர் சைக்கிள் கிடையாது. நான் அதை எடுத்துக்கொண்டு நேராகப் போனது காட்டுக்குன்றுக்குத்தான். எங்கள் வீட்டிலிருந்து ரப்பர் தோட்டங்களைத் தாண்டினால் வனத்துறை வேலி கட்டிக் காத்துவந்த ஒரு குன்று. பெரிய காடொன்றும் இல்லை. அயனியும் மருதமும் காட்டுமாவும் தழைத்து நிற்க, நடுவில் ஜீப் போவதற்கு வெட்டிய செம்மண் பாதை ஒன்று சுற்றிச் சுற்றி உச்சிப்பாறைக்குப் போகும். சைக்கிளுக்கு ரொம்பச் சுலபமான பாதைதான், கடைசி ஏற்றம் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். நுழைவில் ஒரு சங்கிலி, ஒரு காவலர், சத்தம் போடக்கூடாது என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்கு மேல் உட்கார்ந்துதான் மைனாக்கள் நாள் முழுவதும் சண்டை போடும்.

உடம்பு தேறிய பிறகும் அப்பாவுக்குப் பயம் தேறவில்லை. நடக்கலாம், பழக்கமிருந்தால் சைக்கிள்கூட ஓட்டலாம், எல்லாம் மெதுவாக என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா முன்னறையின் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஊரில் யார் வீட்டு எல்லைத் தகராறுக்கும் முன்னால் போய் நின்று சத்தம் போட்ட மனிதர், தன் இடது மணிக்கட்டைத் தானே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா எந்தப் பக்கம் போனாலும், "மக்கா, ஒருக்கா பிடிச்சுப் பாரு" என்று கையை நீட்டுவார். அவள் வாட்சைப் பார்த்து நாடியை எண்ணிச் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை நீளும். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாகவும் இருந்தது. அவளுடைய விடுமுறை முடிந்து, அதற்கு மேல் கெஞ்சி நீட்டியதும் முடியப்போன சமயத்தில் அப்பா கேட்டார்: "நீ போனா எனக்க கையை யாரு பிடிப்பா?" அன்றைக்கு அக்கா பெட்டியில் எடுத்துவைத்த துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கினாள்.

மறுநாள் சாயங்காலம், மஸ்கட்டுக்குப் பேச, பாறசாலை சந்திப்பின் போன் பூத்துக்கு அவளை நான்தான் அழைத்துப்போனேன். கண்ணாடிக் கதவுக்குள் அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "பிள்ளை என்ன சொல்லிச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லப்பா. அம்மா எப்ப வாறேன்னு கேட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா அன்று அதற்கப்புறம் கையை நீட்டவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

விடிந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். "எலே, அந்த சைக்கிளை எடு. காட்டுக்குன்று வரை ஒண்ணு சவுட்டிப் பாக்கணும்" என்றார். எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டுவதில்லை, சவுட்டுவதுதான். அக்கா பதறிக்கொண்டு வந்தாள். அவர் அவளைக் கண்டுகொள்ளாமல் கைப்பிடியில் இருந்த எண்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கியர் என்றேன். "இதில எது ஒண்ணாந்தரம்?" என்றார். ஒன்றுதான் முதல் கியர், ஆனால் சமதளத்தில் அது ஆகாது என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் விசையை ஒன்றுக்குத் தள்ளிவிட்டார். வாழைக்குலையோ கல்யாணச் சாப்பாடோ, ஒன்றைப் பாராட்ட வேண்டுமானால் ஒண்ணாந்தரம் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள், தமிழானாலும் மலையாளமானாலும். "ஒண்ணாந்தரம் இருக்கப்ப ஆறாந்தரத்தில எதுக்குலே போணும்?" என்றார் அப்பா.

ஒன்றாவது கியரில் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால்கள் பறக்கும், வண்டி நகராது. அப்பாவின் கால்கள் தையல் மெஷின் ஊசிபோல ஏறி இறங்கின. நான் வீட்டிலிருந்த கறுப்பு சைக்கிளில், பின்னால் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். அவள் மடியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, முந்தானையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. ரப்பர் பால் வாளியோடு போன ஒரு பெண் நடந்தே அப்பாவை முந்திப்போனாள். போகிறபோது திரும்பி, இவ்வளவு வேகமாக எங்கே என்று மலையாளத்தில் கேட்டாள்: "எங்கோட்டா சாரே, இத்தறை வேகத்தில்?" அப்பாவுக்கு ரோஷம் வந்தது. கால்கள் இன்னும் பறந்தன, வண்டி அதே கதியில்தான் போனது. அக்கா பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் என் முதுகில் குத்தினாள். அவள் வந்த பிறகு சிரித்தது அன்றுதான்.

சங்கிலியடியில் காவலர், "பதுக்கெ போயால் மதி சாரே", மெதுவாகப் போனால் போதும் என்று வழிவிட்டார். இதைவிட மெதுவாகப் போக யாரால் முடியும்? மரநிழலுக்குள் நுழைந்ததும் குளிர்ந்தது. பாதையில் அயனிப் பழங்கள் விழுந்து நசுங்கிக் கிடந்த வாசனை. அப்பா எதையும் பார்க்கவில்லை, முன்சக்கரத்தை மட்டும் பார்த்தார். கடைசி ஏற்றம் வந்ததும் என் கறுப்பு சைக்கிள் நின்றுவிட்டது. அக்கா குதித்து இறங்கி, "அப்பா, இறங்குங்க, மதி" என்று கத்தினாள், பலகையெல்லாம் யாருக்கு வேண்டும்? நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினேன். அப்பா மட்டும், கால்கள் அதே ஓட்டத்தில், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். ஒன்றாவது கியர் எதற்காக இருக்கிறதோ அந்த இடத்துக்கு அது ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. நடுவில் ஏன் இறங்கவில்லை என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "இறங்கினா பின்னே கேறமாட்டேன்னு தோணிச்சு" என்றார்.

நாங்கள் போனபோது உச்சிப்பாறையில் உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு பக்கம் எங்கள் ஊர்கள், மறு பக்கம் தமிழ்நாடு, எது எங்கே முடிகிறது என்று மரங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. தூரத்தில் பூவார்ப் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அப்பாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அக்கா ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணாந்தரமாக்கும், இல்லியா மக்கா?" என்றார் அப்பா.

"ஒண்ணாந்தரம் அப்பா."

"அப்பம் நீ போயிட்டு வா. பிள்ளை தேடும்லா" என்றார்.

அந்த வாரமே அக்கா விமானம் ஏறினாள். சைக்கிள் எனக்குக் கிடைக்கவில்லை. மழையில்லாத நாளெல்லாம் விடியற்காலையில் அப்பா காட்டுக்குன்றுக்குப் போய்வந்தார், ஒன்றாவது கியரிலேயே. காவலருக்கும் அவருக்கும் ஏதோ ஒரு எல்லைக்கல்லைப் பற்றித் தினமும் தகராறு நடக்குமளவுக்குத் தேறிவிட்டார். பேத்தி பெரியவளானதைப் பார்த்துவிட்டுத்தான் போனார், அதுவும் நெஞ்சுவலியால் அல்ல.

போன மாதம் அக்கா மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். அவளுக்கு முட்டுவலி, சைக்கிள் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று சாய்ப்பில் வைத்தே இதைத் துடைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு கியர் விசையிடம் வந்தபோது, அருகில் நின்றவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். சும்மா கேட்டேன், அன்றைக்குப் பாறையில் அப்பாவின் நாடி எவ்வளவு இருந்தது என்று.

"எனக்கு எங்கனலே தெரியும்? நான் எண்ணவே இல்ல. கண்ணு நிறைஞ்சு வாட்சில முள்ளே தெரியல்ல."

"அப்பா நம்பிட்டாரே?"

"நம்பினாரா? அவரு வாட்சையா பாத்தாரு, எனக்க முகத்தைல்லா பாத்திட்டு இருந்தாரு. அவருக்க பேடி ஒண்ணும் போவல்ல, பயந்துட்டேதான் இருந்தாரு. நான் எண்ணல்லேன்னு தெரிஞ்சுதான்லே என்னைப் போவச் சொன்னாரு."

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, டயர்களுக்குக் காற்றடிக்கப் பம்பை எடுத்துவரப் போனேன்.