கத்தியைக் கையில் கொடுக்காதே

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தோல் வேலை செய்கிறேன். தேவனாம்பட்டினத்தில் மீன் வெட்டும் அக்கா ஒருவர், தன் கத்தியை என்னிடம் விட்டுவிட்டு, அதை பஸ்ஸில் கொண்டுபோக ஒரு உறை கேட்டிருந்தார். தைத்து முடித்து, உறையின் திறந்த நுனியில், கத்தி முனையை மூடத் தொப்பிபோல ஒரு பித்தளைப் பூண் மாட்டினேன்.

அவர் வந்ததும், கத்தியை உறையில் செருகி, பூணின் பளபளப்பைக் காட்டும் ஆசையில் அந்தப் பக்கத்தையே அவரிடம் நீட்டினேன். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“கத்திய கையில குடுக்காத தம்பி, சண்ட வரும். கீழ வை.”

“உறைக்குள்ளதானே இருக்கு அக்கா?” என்று சிரித்தேன்.

“உறைக்குள்ள இருந்தா கத்தி இல்லன்னு ஆயிடுமா?”

எரிச்சலோடு மேசைமேல் தொப்பென்று வைத்தேன். பூண் கழன்று உருண்டது. சாணை பிடித்த முனை விரல் நீளத்துக்கு வெளியே மின்னியது. அங்கேதான் அவர் பிடித்திருப்பார்! பசை மட்டும் தடவிவிட்டு, ரிவிட் ஆணி அடிக்க மறந்திருக்கிறேன்.

அக்கா குனிந்து பூணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இத கையில குடுக்கலாம். ரிவிட்ட அடி, பஸ்ஸுக்கு நேரமாவுது.”

சண்டை வருமென்பதை இன்றும் நான் நம்பவில்லை. ஆனாலும் வீட்டில் காய் நறுக்கும் கத்தியைக்கூட மனைவிக்குக் கீழே வைத்துத்தான் கொடுக்கிறேன். வைக்கும்போதெல்லாம், அந்த அக்கா வெடுக்கென்று இழுத்துக்கொண்ட கை கண்முன் வந்து நிற்கிறது.