இரண்டு எண்ணும் வரை

என் பேரன் டிவியில் ஆடும் பேஸ்பால் வீடியோ கேமில், பந்தைப் பிடித்த ஆட்டக்காரன் உடனே எறிவதில்லை. பிடிக்கிறான், ஒரு கணம் நிற்கிறான், தோளைச் சரிசெய்துகொள்கிறான், பிறகுதான் எறிகிறான். அதற்குள் எதிரணிக்காரன் ஓடி முடித்துவிடுகிறான். பேரனுக்குக் கோபம் வருகிறது. ஆறு வருடம் அமெரிக்காவில் வளர்ந்துவிட்டு வந்தவன் அவன்.

"ரியலே இல்ல தாத்தா. நிஜ பிளேயருக்குப் பிடிக்கிறதும் எறியறதும் ஒரே மூவ்மென்ட். இவனுங்க பால்ல ஏதோ எழுதியிருக்கிற மாதிரி படிச்சுட்டு எறியறானுங்க."

முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் வேறொருவன், கைக்கு நேராக வந்த பந்தைக் கோட்டை விட்டான். ஏன் விட்டான் என்று கேட்டேன்.

"அவனோட ஃபீல்டிங் மார்க் நூத்துக்கு நாப்பத்தொண்ணுதான். விடத்தான் செய்வான்."

"அந்த நாற்பத்தொன்றை யார் போட்டது?"

"கேம் பண்ணவங்கதான்."

"உண்மையில் அவன் நன்றாகப் பிடிப்பவனாக இருந்தால்?"

"சும்மாவா போடுவாங்க? பாத்துதான் போட்டிருப்பாங்க தாத்தா."

எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கீழே செங்கல்பட்டு ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. நானும் ஒருவனுக்கு ஒரு எண் போட்டிருக்கிறேன். பார்த்துத்தான் போட்டேன். பத்தடி தூரத்தில் நின்று, நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன்.

அப்போது நாங்கள் மாமல்லபுரத்தில் இருந்தோம். அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, உள்ளூர்ப் பள்ளியில் டிரில் மாஸ்டர். கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். பயிற்சிக் கல்லூரியிலிருந்து அவர் சாஃப்ட்பால் என்ற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பேஸ்பாலுக்குத் தங்கை முறை. பந்து கொஞ்சம் பெரிது. மற்றதெல்லாம் ஏறக்குறைய அதேதான். எங்கள் ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதால், மாமா சொன்னதுதான் விதி.

ஒரு பந்து, இரண்டு மட்டைகள், ஐந்து கையுறைகள். ஆட்டக்காரர்களோ அணிக்கு ஒன்பது பேர். ஒரு அணி மட்டை பிடிக்க உள்ளே வரும்போது கையுறைகளைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டு வரும்; அடுத்த அணி அதை எடுத்து மாட்டிக்கொள்ளும். வியர்வையில் ஊறிய அந்தத் தோலின் நாற்றம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கையுறை வேண்டாம் என்று சொன்னவன் ஒருவன்தான். அவன் பெயர் கன்னியப்பன்.

மீனவர் குப்பத்துப் பையன். என் அண்ணனோடு எட்டாம் வகுப்பு. "இத்த மாட்னா என் கை எங்க கீதுன்னே தெரில சார்" என்று மாமாவிடம் கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வெறுங்கையால் பிடித்தான். பிடித்தான் என்பதுகூடச் சரியில்லை. பந்து அவன் கைக்கு வரும். வந்தது தெரிவதற்குள் கையை விட்டுப் போயிருக்கும், மாமா நிற்கும் இடத்துக்கு நேராக. குப்பத்தில் படகு கரைக்கு வந்ததும் ஒருவர் மீனை வீச, நடுவில் நிற்பவர் வாங்கிக் கூடையில் போடுவார். கன்னியப்பன் ஆறு வயதிலிருந்து நடுவில் நின்றவன். கெளுத்திக்கு முள் உண்டு. கையில் வைத்திருந்தால் குத்தும். அதனால் வாங்கும்போதே விட்டுவிட வேண்டும். அவன் கை கற்றுக்கொண்டது அது.

மற்ற பையன்கள் பந்தைப் பிடிப்பது போல் பிடித்துத் தவறவிட்டார்கள். பிடித்ததா, பட்டுத் தெறித்ததா என்று தினமும் சண்டை. அதைத் தீர்க்க மாமா ஒரு விதி போட்டார். பிடித்தவன் ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரை பந்தைக் கையில் வைத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் கணக்கில் சேரும்.

நான் ஏழாம் வகுப்பு. ஒல்லி. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் மாமா எனக்கு ஒரு நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொருவன் பெயருக்கு நேராகவும், பிடித்த பந்துக்கு ஒரு டிக், விட்ட பந்துக்கு ஒரு பெருக்கல் குறி. முதல் வாரத்திலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கன்னியப்பனுக்கு மட்டும் எண்ணிக்கிட்டு நிக்காதேடா. அவன் கையில பட்டாலே பிடிச்ச மாதிரிதான்" என்று சொல்லியிருந்தார். நானும் மாதக்கணக்கில் அப்படியே டிக் போட்டு வந்தேன். இதை நான் மறைக்காமல் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விதிப்படிதான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

செங்கல்பட்டில் பள்ளிகளுக்கிடையே போட்டி வந்தது. எட்டுப் பேர் முடிவாகிவிட்டார்கள். ஒன்பதாவது இடத்துக்கு, தூரத்தில் நின்று உயரப் பந்துகளைப் பிடிக்க ஒருவன் வேண்டும். ஒன்று கன்னியப்பன், இல்லையென்றால் என் அண்ணன். போட்டியில் ஆடியவர்களுக்குச் செங்கல்பட்டில் ஒரு மாணவர் விடுதியில் இடம் கிடைக்கும். சாப்பாடு போட்டு, உயர்நிலைப் பள்ளிக்கும் அனுப்புவார்கள். கன்னியப்பனின் நைனா, எட்டாவது முடிந்ததும் கடலுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். விடுதி கிடைத்தால் மட்டும் விடுவதாக மாமாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பிடும்போது மாமாதான் சொன்னார்.

அம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, "நல்லா இருக்கு. சொந்த அக்கா பிள்ளை ஊர்லயே நிக்கட்டும், மத்தவனெல்லாம் பஸ் ஏறட்டும். அப்புறம் ஊர்ல யாரு என்னை மதிக்கப் போறா" என்றாள்.

"யாரு அதிகம் பிடிக்கிறானோ அவன் போவான்க்கா. நோட்டு சொல்லும்" என்றார் மாமா.

அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் தூண்டவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், பழி போட ஒருவரும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தேர்வு. ஆளுக்குப் பத்துப் பந்து. மாமா கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மேற்கே, சவுக்கு மரங்களை நோக்கி அடித்தார். இறங்குகிற வெயில் நேராக அவர் கண்ணில். பந்து எழுந்த பிறகு அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நான் பிடிப்பவனுக்குப் பக்கத்தில் நின்று நோட்டில் குறிக்க வேண்டும்.

அண்ணன் முதலில் நின்றான். கடற்காற்று பந்தைத் தள்ளிக்கொண்டே போக, அதன் பின்னால் ஓடி ஓடி ஏழு பிடித்தான். அவன் ஆட்டத்துக்கு அது அதிகம். மூச்சு வாங்க வந்து என் அருகில் உட்கார்ந்தான்.

கன்னியப்பன் காற்றைப் பார்த்து முதலிலேயே நாலு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஓடவே இல்லை. பந்து அவனிடம் வந்தது. வந்ததும் போனது. பத்தும் அப்படித்தான். நான் முதல் ஐந்துக்கு டிக் போட்டேன். ஆறாவதுக்குப் பெருக்கல் குறி போட்டேன். ஏன் ஆறாவதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. ஏழாவது பெருக்கல். எட்டாவதுக்கு ஒரு டிக். அது நியாயமாகத் தெரிவதற்காக. ஒன்பதும் பத்தும் பெருக்கல். ஆறு.

அண்ணன் நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். குனிந்து காலில் ஒட்டியிருந்த சவுக்கு முள்ளைத் தட்டிவிட்டான். போன வருடம் அவன் இறந்துபோகும் வரை நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மாமா நோட்டை வாங்கி, "கன்னியப்பனுக்கு ஆறா?" என்றார்.

"ரெண்டு எண்ணலை மாமா."

அவர் நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். முன்பு எனக்குத் தனியாகச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கும். எல்லாப் பையன்களும் சுற்றி நின்றார்கள். விதி அவர் போட்டது. நோட்டு சொல்லும் என்று சொன்னதும் அவர். கடைசியில் அண்ணன் பெயரைப் படித்தார். அவருக்குள்ளும் ஒரு நிம்மதி இருந்ததா என்று சந்தேகப்பட எனக்குத் தகுதி இல்லை.

திங்கட்கிழமை கன்னியப்பன் என்னைத் தேடி வகுப்புக்கே வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று பெஞ்சுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இன்னாபா பயப்புட்ற? அந்த நோட்டத்தான் காட்டேன்."

காட்டினேன். அவன் பெயர் எழுதிய வரியில் விரலை வைத்து, பெருக்கல் குறி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான்.

"இதெல்லாம் நான் வுட்டதா?"

"விடலை. பிடிச்சே. ஆனா ரெண்டு எண்றதுக்குள்ள கையை விட்டுப் போயிடுச்சு. அப்படின்னா கணக்குல வராது."

"ஓ." மறுபடியும் எண்ணிப் பார்த்தான். "ஒன் எழுத்து சோக்கா கீதுபா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணனை ஏற்றிக்கொண்டு பஸ் செங்கல்பட்டுக்குப் போனது. முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஆட்டம் முழுவதும் அண்ணன் நின்ற பக்கம் ஒரு பந்துகூட வரவில்லையாம். சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். விடுதி எங்களுக்குத் தேவைப்படவே இல்லை; அந்த வருடமே அப்பாவுக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்து, அங்கே வீடும் பார்த்துவிட்டார்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், கோடை விடுமுறையில் ஒரு காலை, நான் கடற்கரைக்குப் போனேன். படகுகள் வந்திருந்தன. கன்னியப்பன் நடுவில் நின்றிருந்தான். அவன் நைனா படகிலிருந்து மீனை வீசிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் ஒரு மீனை வாங்கினான். போடவில்லை. மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. பிறகு கூடையில் போட்டான். அடுத்த மீனும் அப்படியே. கூடைக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"டேய், இன்னாடா மீனுக்கு நாஸ்தா ஊட்டிகினு கீறே? போடுடா கூடைல! வெயில் ஏறிகினு கீது, பேஜாரு பண்ணிகினு…" என்று நைனா கத்தினார்.

அப்போது கன்னியப்பன் என்னைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. அடுத்து வந்தது ஒரு கெளுத்தி. அதை வாங்கி, இரண்டு கையாலும் இறுக்கி, எனக்குத் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தான்.

"ஒண்ணு… ரெண்டு…" சத்தமாகவே எண்ணினான். "பாத்துகினியா? இப்ப சரியா கீதா? அடுத்த வருசம் வரேன்னு சாராண்ட சொல்லு!"

அவன் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

எல்லோர் முன்னாலும் என்னை அம்பலப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறான் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. காதில் விழாதது போல் திரும்பி நடந்தேன். மணலில் கால் புதையப் புதைய வேகமாக நடந்தேன். பின்னால், "இன்னாபா, சரியா இல்லியா?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. அவன் நைனா மறுபடி வைதார்.

பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. படித்து, அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறையில் சேர்ந்து, முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் பார்த்து எழுதிய எண்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றேன். இங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு மணி நேரப் பஸ்தான். ஒருமுறைகூடக் குப்பத்துப் பக்கம் போய் விசாரிக்கவில்லை. இப்போது முழங்காலைக் காரணம் சொல்கிறேன். முழங்கால் நன்றாக இருந்த காலத்திலும் போகவில்லை.

அவன் கேலி செய்யவில்லை. நான் எழுதியதை அவன் நம்பிவிட்டிருந்தான். அத்தனை அழகாக எழுதியிருந்தது பொய்யாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் கையில்தான் குறை என்று எடுத்துக்கொண்டு, முள் குத்தக் குத்த அதைத் திருத்திக்கொண்டிருந்தான். சரியாகிவிட்டதா என்று, எழுதியவனையே கேட்டான். பன்னிரண்டு வயதில் அது எனக்குப் புரியவில்லை.