எதிர் வசனம் படிக்கும் நாற்காலி அக்கா

அந்தத் தனியார் பள்ளியில் அவளுக்குத் தையல் வேலை. மேடைக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் ஒரு நீள அறை. இரண்டு தையல் மெஷின், கூரை வரை உடுப்புகள், மூக்கைத் துளைக்கும் நாப்தலின் உருண்டை வாசனை. ராஜாவின் அங்கியும் தபால்காரரின் சட்டையும் ஒரே கம்பியில் சண்டையில்லாமல் தொங்கும். வருடத்தில் ஒரே ஒரு நாள் அவள் அந்த அறையைப் பூட்டிவிட்டு மேலே போவாள். நாடக உதவித்தொகைக்கான தேர்வு நடக்கும் நாள் அது. நடித்துக் காட்ட வரும் பிள்ளைகளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, காட்சியில் வரும் இன்னொருவரின் வசனத்தைப் படிப்பது அன்றைக்கு அவள் வேலை.

பதினேழு வருடமாக அதே நாற்காலி. அதனால் நாற்காலி அக்கா என்று பெயர். "நாற்காலியாவது கொஞ்சம் முனகும், நம்ம அக்கா முனகவே மாட்டாங்க" என்று மூத்த வகுப்புப் பையன் ஒருவன் சொன்னது பள்ளி முழுக்கப் பரவி, ஆசிரியர்கள் வாயிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

முனகாமல் படிக்க அவள் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். முதல் வருடம் அவள் உருகி உருகிப் படித்தாள். எதிரே நின்ற பையன் அவள் குரலைக் கேட்டே கண் கலங்கினான், இடம் கிடைத்தது, சேர்ந்தான். மூன்றே மாதத்தில் சாயம் வெளுத்துவிட்டது. மேடையில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. வருட முடிவில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்போதிருந்த நாடக ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா, அன்னைக்கு நடிச்சது நீங்க. நாங்க மார்க்க அவனுக்குப் போட்டுட்டோம். இனிமே நீங்க வெறும் குரல். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே குரல்."

அடுத்த வருடத்திலிருந்து அவள் ஒரு வழி வைத்துக்கொண்டாள். கண் தாளில் இருக்கும், வாய் வசனத்தைச் சொல்லும், மனசு மட்டும் ஒரு சட்டைக்குப் பட்டன் துளை போட்டுக்கொண்டிருக்கும். ஒரு வரிக்கு ஒரு துளை. குரல் தானாகத் தட்டையாகிவிடும்.

இந்த வருடம் தேர்வுக்கு வந்த எட்டுப் பேரில் ஏழாவது அவளுடைய மகள்.

அந்த உதவித்தொகை வருடத்துக்கு இரண்டு பேருக்கு. கட்டணம் முழுக்கப் பள்ளியே ஏற்கும். தினமும் மதியத்துக்கு மேல் குரல், உடல், மேடை என்று இரண்டு வருடப் பயிற்சி. பத்தாவது முடித்த வருடம் மட்டும்தான் எழுதிப்போட முடியும். தவறினால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பள்ளியின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது படிக்கறதுக்கா, பள்ளிக்கூடத்தயே வாங்கறதுக்கா?" என்று கேட்டு மடித்து வைத்தவன். ஆக, மகளுக்கு இருந்த வழி அந்த ஒரு காலை, அந்த ஒரு அறை.

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பல் தேய்க்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். எதிர்வீட்டுக்காரர் இருமுவது, பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்று சலித்துக்கொள்வது, அப்பா லிஃப்டுக்குள் மாட்டியவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வது, எல்லாம் அவள் வாயில் அச்சாக வரும். ஐந்து வயதிலிருந்து அம்மாவின் உடுப்பு அறையில் விளையாடி வளர்ந்தவள்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் எட்டுப் பேருக்கும் ஒரே காட்சி தபாலில் வந்தது. வேலைக்காக வெளியூர் கிளம்பும் பெண், வாசலில் அம்மா. அம்மாவுக்கு ஐந்தே வசனம். பையில் என்ன, யார் சொன்னது, அப்பாவுக்குத் தெரியுமா, சாவி எடுத்துக்கொண்டாயா. ஐந்தாவது ஒரே சொல்: போ. அதைக் கேட்ட பிறகு மகள் திரும்பி நின்று ஒரு பக்கம் முழுக்கப் பேச வேண்டும்.

இப்போதைய நாடக ஆசிரியர் இளைஞர், நியாயமானவர். முன்கூட்டியே கேட்டார். "அக்கா, உங்க பொண்ணு வர்றா. இந்த வருஷம் வேற யாரையாவது படிக்கச் சொல்லட்டுமா?"

"எதுக்கு சார்? எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். அவளுக்கும் தெரிஞ்ச குரலா இருந்தா பயமிருக்காது."

அவர் தலையாட்டினார். பதினேழு வருட நாற்காலியை யார் சந்தேகப்படுவார்கள்?

தினமும் காலை ஆறு மணிக்குச் சமையலறையில் பயிற்சி. குக்கர் ஒரு பக்கம், காட்சி ஒரு பக்கம். முதல் நாளே அவளுக்குத் தொண்டையில் ஏதோ திறந்துகொண்டது. இங்கே மார்க் போட யாருமில்லை, தட்டையாகப் படிக்க வேண்டிய கட்டாயமில்லை. இத்தனை வருடம் துணி மடிப்பதுபோல் மடித்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. 'சாவி எடுத்துக்கிட்டியா' என்று கேட்கும்போது கை தானாக முந்தானையைத் தேடியது. 'போ' என்ற சொல் பாதியில் உடைந்து, மீதி மூச்சாக வந்தது. அந்த உடைசலைக் கேட்டதும் மகளின் முகம் மாறும். அங்கிருந்து அந்த ஒரு பக்கமும் தண்ணீர்போல ஓடும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

கதவோரம் ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவன் ஒரு காலை சொன்னான்: "உண்மையச் சொல்லட்டுமா? இவள விட நீதான் நல்லா நடிக்கறே. பாத்துக்கோ, இடத்த உனக்குக் குடுத்துடப் போறாங்க."

"சும்மா இருங்க, நேரமாச்சு கிளம்புங்க" என்றாள். ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு மனசில் இனித்துக்கொண்டே இருந்தது.

அது மட்டுமா? ஒரு மதியம் பயிற்சி மாணவர்களுக்கான கறுப்புச் சட்டைத் துணி வந்தபோது, யாரும் சொல்லாமலே ஒன்றை மகளின் அளவுக்கு வெட்டி, தைத்து, காகிதத்தில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

தேர்வு நாள். மேடை அறையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால்: முதல்வர், நாடக ஆசிரியர், வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த நடிகை. தரையில் வெள்ளை டேப் ஒட்டிய இடத்தில் அவளுடைய நாற்காலி. முதலில் வந்தவன் கிளம்பும் மகளாகவே நின்று பேசினான். அதற்கு அங்கே தடையில்லை. அவள் படித்தாள். பட்டன் துளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "போ."

அந்தச் சொல் தன் வாயிலிருந்து விழுந்ததைக் கேட்டபோதுதான் அவளுக்கு அது உறைத்தது.

மகள் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. தேர்வு அறைக்குள் அவளை ஒருபோதும் விட்டதில்லை. ஒரு மாதமாக அவள் பழகியது வேறொரு குரலோடு; அந்தக் குரல் உடையும் இடத்தில்தான் அவளுடைய நடிப்பே தொடங்குகிறது. நான் ஆசைக்கு நடித்துக்கொண்டிருந்தேன், மகள் அதையே ஊன்றுகோலாக்கிக்கொண்டாள் என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

நான்காமவர் முடிந்ததும் தேநீர் இடைவேளை. அவள் கோப்பையைத் தொடாமல் ஆசிரியரிடம் போனாள்.

"சார், என் பொண்ணுக்கு மட்டும் வேற யாராவது படிக்கட்டுமே."

"இப்ப மாத்த முடியாதுக்கா. நாலு பேர் முடிச்சாச்சு. எல்லாருக்கும் ஒரே குரல்னு எழுதிக் குடுத்திருக்கோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏன், பயமா இருக்கா? உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா."

பிள்ளைகள் காத்திருந்த நூலகத்துக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு நூலக டீச்சர் உட்கார்ந்திருந்தார். "அக்கா, நீங்களே இப்படி வரலாமா? பேசக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நடுநடுவே தலையை இடதுபுறம் லேசாகச் சாய்த்துக் காத்திருந்தாள். சமையலறையில் அடுப்பு இருக்கும் பக்கம் அது. அம்மா குரல் வரும் பக்கம். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள்.

திரும்பி நடக்கும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். ஒரு சொல். பதினேழு வருடத்தில் ஒரே ஒரு சொல்லை வீட்டில் சொன்னதுபோல் சொல்லிவிடுவது. யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தால்தான் என்ன, நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிடட்டும்.

ஏழாவதாக மகள் வந்தாள். முதல் நான்கு வசனமும் தட்டையாக விழுந்தன. மகள் கண்ணில் ஒரு சின்னக் குழப்பம். ஆனாலும் சமாளித்தாள், பையை மாற்றிப் பிடித்தாள், வாசல்வரை போனாள், நின்றாள். நாற்காலியில் இருந்த அவள் இந்த முறை தாளைப் பார்க்கவில்லை. பட்டன் துளையை விரட்டினாள். சமையலறையை நினைத்தாள், குக்கரை நினைத்தாள், இந்தப் பெண் நிஜமாகவே ஒரு நாள் வாசல் தாண்டிப் போவதை நினைத்தாள். நெஞ்சு நிறைந்து தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தாள்.

"போ."

தட்டையாக வந்தது. முதல் ஆறு பேருக்கும் வந்த அதே போ, மயிரிழை பிசகாமல்.

மகள் தலையை இடதுபுறம் சாய்த்தாள். காத்திருந்தாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மூத்த நடிகை பேனாவைக் கீழே வைத்தார். மகள் இன்னும் காத்திருந்தாள், பஸ் வரும் என்று நம்புகிறவளைப்போல.

"மறந்துடுச்சாம்மா?" என்று முதல்வர் அன்பாகக் கேட்டார்.

மகள் திடுக்கிட்டு அந்த ஒரு பக்கத்தையும் பேசினாள். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல்லிலும் உயிரில்லை. வகுப்பில் எழுந்து பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

எல்லாம் முடிந்ததும் மூத்த நடிகை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். "ஏழாவதா வந்தது உங்க பொண்ணாமே. இப்பத்தான் சொன்னாங்க. குரல்ல ஒரு இம்மிகூடத் தெரியலயே. இவ்வளவு நேர்மையா இருக்க மனசு வேணும்."

"இல்லீங்க" என்றாள் அவள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஆசிரியர் உடுப்பு அறைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

"வசனம் மறந்துட்டான்னு எழுதியிருக்காங்கக்கா. அந்த இடத்துல விழுந்துட்டா. ரெண்டு பேரும் வேற பிள்ளைங்க."

"அவ மறக்கல சார். காத்துக்கிட்டிருந்தா."

"எதுக்கு?"

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். ஆசிரியர் "மனசத் தளர விடாதீங்க" என்று சொல்லிப் போனார்.

வீட்டில் மகள் அழவில்லை. வழக்கமாகச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா, அன்னைக்கு நீ அந்த வார்த்தயச் சொன்னியா?"

"சொன்னேன்டி."

"எனக்கு இன்னும் கேக்கல."

"ரூல் அப்படி, கண்ணு" என்றாள் அவள். விதிக்காக வேண்டுமென்றே அப்படிப் படித்ததுபோன்ற அந்தப் பொய்யை மகள் உடனே நம்பினாள். அம்மா சரியாகத்தான் நடந்துகொண்டாள் என்று அப்பாவிடம்கூடச் சொன்னாள். கணவன் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினான்.

அடுத்த காலை ஆறு மணிக்கு மகள் பழக்கதோஷத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "சும்மா ஒரு தடவ சொல்லேன். அந்தப் பக்கத்த ஒரு தடவ பேசிட்டு விட்டுடறேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "போ" என்றாள். தட்டை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி. மறுபடியும் தட்டை. மூன்றாவது முறை, மூடிய கண்ணுக்குள் வரிசையாகப் பட்டன் துளைகள்தான் தெரிந்தன.

"விடும்மா" என்றாள் மகள். "ஸ்கூலுக்கு நேரமாச்சு." பழைய பள்ளியிலேயே வணிகப் பிரிவில் இடம் போட்டாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ரேடியோவிலிருந்து படிக்கட்டு முழுக்கச் சத்தமே இல்லை.

நாடகப் பயிற்சி தொடங்கிய வாரம், புதிதாகச் சேர்ந்த இருவரும் பயிற்சிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார்கள். அதில் ஒருத்தி கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், எட்டாவதாக வந்தவள். கறுப்புத் துணி தீர்ந்துவிட்டிருந்தது. அவள் கீழ்த்தட்டிலிருந்து காகிதச் சுருளை எடுத்துப் பிரித்து, சட்டையை அந்தப் பெண்மேல் வைத்துப் பார்த்தாள். தோள் இரண்டு விரல் அதிகம். கை நீளம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பிடித்துக் குத்த ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றது அந்தப் பெண். "அன்னைக்கு நீங்க படிச்சது எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா அப்படியேதான் பேசுவாங்க. வீட்ல வேற மாதிரி நான் கேட்டதே இல்ல."

அவள் கடைசி ஊசியைக் குத்தினாள். ஏதாவது இதமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று பயமாகவும் இருந்தது.

"கையத் தூக்கு" என்றாள்.

அந்தப் பெண் கையைத் தூக்கியது.