சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடிய சைக்கிள்

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு ரோடு போட்டிருந்தார்கள். வளைவு, நாற்சந்தி, வேகத்தடை எல்லாம் உண்டு; லாரி மட்டும் கிடையாது. கடத்தூருக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில், பெண்களுக்குப் பாதுகாப்பாகச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்த தொண்டு நிறுவனத்தின் ஏற்பாடு அது. நான் பொழுது போகாமல் போனேன். எங்கள் தெரு அங்கன்வாடி அக்கா அப்படி வரவில்லை. குழந்தைகளுக்குச் சமைத்துப் போடும் ஆயாவாக இருந்தவரைப் பக்கத்து ஊர் மையத்துக்கு டீச்சராகப் போடத் தயாராக இருந்தார்கள். மையம் திறக்கும் நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. சைக்கிள் ஓட்ட வந்தால் அந்த வேலை, இல்லாவிட்டால் காலம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

முட்டி பெயர விழுந்து விழுந்து எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் பார்த்து, கையை நீட்டிக் காட்டி அவர் திரும்பிய அழகுக்குப் பயிற்சி கொடுத்த மேடமே கைதட்டினார். கடைசி நாள் நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

"வூட்டுக்காரரக் கூட்டியாந்து சரின்னு சொல்ல வெச்சிருங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்குத்தான் பிரச்சனை" என்றார் மேடம். நாற்பதை நெருங்கிய பெண்ணிடம் இதைச் சொல்கிறோமே என்ற கூச்சம் அவருக்குத் துளியும் இல்லை.

அக்காவின் கணவர் பைக்கில் வந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. எதிர்த்திசையிலேயே வந்து பள்ளி வாசலில் நிறுத்தினார். "ரோடெல்லாம் லாரிங்க மேடம். பொம்பளைக்குச் சரிப்படாதுங்க. இங்கியே வேணா ஓட்டட்டும்" என்றார். மேடம் சரியென்று தலையை ஆட்டினார். அக்கா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார். டீச்சர் வேலை ஸ்கூட்டி வைத்திருந்த வேறொரு பெண்ணுக்குப் போனது. நிறைவு விழாவில் அக்காவைச் சிரிக்கச் சொல்லிச் சான்றிதழோடு போட்டோ எடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் அந்த மனிதர் குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். படுத்தபடியே, கடத்தூர் போய் மருந்து வாங்கிவரச் சொல்லி அவரே அக்காவுக்கு ஒரு பழைய சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். இப்போது அக்கா லாரிகளுக்கு நடுவில்தான் போய் வருகிறார். பொம்பளைக்குச் சரிப்படுமா என்று இந்தமுறை யாரும் கேட்கவில்லை.

போகிற வழியில்தான் அந்தப் பக்கத்து ஊர் அங்கன்வாடி. போன வாரம் அதன் முன்னால் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். செயின் கழன்றுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. புள்ளைங்க திடீர்னு ரோட்டுக்கு ஓடியாந்துருதுங்க. இந்த டீச்சரு கேட்டச் சாத்தறதே இல்ல" என்றவர், சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்க் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். வெளியே நின்று.