கல்யாண வீட்டுத் தண்ணீர்

பிரியமானவர்களே, இதை ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும்படி நம் சபைப் போதகர் ஐயர் கேட்டார். எழுந்து நின்றால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த எஸ்தர் சுருக்கமாகப் பேசுகிறவள் என்று செகந்திராபாத்தில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

2011 கோடைக்காலம். என் கணவர் தாசனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய், சுத்தமாகித் திரும்ப வேண்டும். ஒரு முறை தவறினாலும் விஷம் உடம்பிலேயே தங்கிவிடும்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நல்லவேளையாக அல்வாலில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு டிரஸ்ட் இருந்தது. கீழ்த்தளத்தில் டயாலிசிஸ், மாடியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, அதற்கும் மேலே ஒரு நூலகம். சனிக்கிழமைகளில் சர்மா காரு, அதாவது சர்மா ஐயா, என்ற ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார் வந்து, மெஷினில் படுத்திருப்பவர்களுக்குக் கதை படிப்பார். மருந்து கொடுக்கிறார்கள், படிப்புக் கொடுக்கிறார்கள், கதை எதற்கு என்று நான் முதலில் கேலி செய்தேன். என் வீட்டுக்காரரோ தன் முறை இல்லாவிட்டாலும் சனிக்கிழமை வந்தால் போதும், மாப்பிள்ளை மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தனித் தெலங்கானா கேட்டுப் பந்த், ஊரே அடைப்பு. எங்கள் முறை அன்றைக்குத்தான். டிரஸ்டின் கேட்டைத் திறக்க முடியவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று போன் வந்தது. இவருக்குக் கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. சரி, ஒரு நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் போய்ப் படுத்தார். டெக்னீஷியன் சுனிதா ஊசியைக் குத்தி மெஷினை ஓடவிட்டாள். நல்ல பெண், வாரங்கல் பக்கம். இவர் கையைத் தூக்கச் சொன்னாள். கை அரைவாசிதான் எழுந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், நேத்து என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எளநி."

"எத்தனை?"

"தொண்டை காஞ்சு கெடந்துச்சும்மா. பந்த்னு ரோட்டுல ஒருத்தரும் இல்ல. வண்டிக்காரன் சும்மா நின்னான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இளநீர் விஷம் என்று அவர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அதிலுள்ள பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். சுனிதா நெஞ்சில் ஒயரை ஒட்டினாள். திரையில் ஓடிய கோடு எனக்கே கோணலாகத் தெரிந்தது. அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். ஒரு ஊசி போடச் சொன்னார். "இது கொஞ்ச நேரம்தான் தாங்கும் ஆன்ட்டி. மெஷின் ஓடினாத்தான் அங்கிள் பொழைப்பாங்க" என்றாள்.

அவள் சொல்லி முடித்துச் சிறிது நேரம்கூட ஆகவில்லை. மெஷின் கூவத் தொடங்கியது. ஒன்றல்ல, அங்கிருந்த நாலு மெஷினும். தண்ணீர் இல்லை!

டயாலிசிஸுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. குடம் குடமாக, டிரம் டிரம்மாக வேண்டும். டிரஸ்டின் போர்வெல் கிணறு அந்த ஏப்ரலிலேயே வற்றிவிட்டது. லாரித் தண்ணீரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பந்த் அன்று லாரி வரவில்லை. மறுநாள் ஊர் முழுவதும் லாரிக்குக் காத்திருந்தது. இருந்ததைக் காலையில் வந்தவர்களுக்குச் செலவழித்துவிட்டார்கள். கீழே தொட்டியில் சேறுதான் மிச்சம்.

சுனிதா பதறாமல் எல்லோருடைய ரத்தத்தையும் உடம்புக்குள் திருப்பி ஏற்றினாள். ஊசியை மட்டும் எடுக்கவில்லை. மற்ற மூன்று பேருக்கும் ஒரு நாள் தள்ளிப் போனாலும் சமாளிக்கலாம். இவருக்கு முடியாது. அவள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் செய்தாள். எல்லா இடத்திலும் ஒரே பதில். பந்தில் முறை தவறியவர்கள் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கிறார்கள், ராத்திரிக்கு மேல் பார்க்கலாம். ராத்திரி வரை இவர் இருக்க மாட்டார் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்மா காருவும் அப்போது அங்கேதான் இருந்தார். டாக்டர் போனில், ஆளைத் தூங்கவிடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள் என்றாராம். சர்மா காரு நாற்காலியை இவர் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மருமகளின் கதையை விட்ட இடத்திலிருந்து படித்தார். இரண்டு வரிக்கு ஒரு முறை, "தாஸ் காரு, இப்ப அந்த மருமகள் என்ன செய்வாள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டார். இவர் மெதுவாக ஏதோ சொன்னார். அடுத்த கேள்விக்குப் பதில் வர இன்னும் நேரம் எடுத்தது. மூன்றாவது கேள்விக்கு உதடு மட்டும் அசைந்தது.

நான் வெளியே வராண்டாவுக்கு வந்து முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, கடலைப் படைச்சவருக்கு ஒரு தொட்டித் தண்ணி குடுக்க முடியாதா? மழையாவது பெய்யப் பண்ணும். இப்பவே பண்ணும்" என்று அதட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு துண்டு மேகம்கூட இல்லை. இவரும் போய்விடுவார், நீரும் பேச மாட்டீர் என்று சொல்லி அழுதேன்.

அப்போது தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது.

செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது, மூட்டு வலி வேறு. லாரி நாலு கட்டடம் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது. வாசலில் வாழை மரம், சீரியல் விளக்கு. ராத்திரி முகூர்த்தம். டிரைவர் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஓட்டைத் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நக்கோ அம்மா, நக்கோ. இது கல்யாணத்துக்கு வந்த தண்ணி. நான் எப்படிக் குடுக்க முடியும்? பொண்ணோட அப்பாவைக் கேளுங்க."

பெண்ணின் தகப்பனார் மணமேடைக்குப் பக்கத்தில் நின்றார். பட்டு வேட்டி, கையெல்லாம் மஞ்சள். முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுச் சேலையோடு, தலை கலைந்து, வெறுங்காலோடு மண்டபத்துக்குள் ஓடி வருகிறாள் என்றால் அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார்! எனக்கு எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"அண்ணா, உங்க லாரித் தண்ணி எனக்கு வேணும். எங்க வீட்டுக்காரரு சாகக் கெடக்காரு" என்றேன். தெலுங்கு மறந்து போய்த் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த தெலுங்கில் மறுபடியும் சொன்னேன்.

அவருடைய மனைவி ஓடி வந்தார். "மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். சமையலுக்கே தண்ணீர் இல்லை. வேறு லாரி கிடைக்குமா? நம் மானம் போய்விடும்" என்று அவர் தெலுங்கில் கெஞ்சியது எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன்.

பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். அந்த நேரம் என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு வாசலுக்கு வந்து டிரைவரைப் பார்த்து, "குழாயைக் கழற்று. முதலில் ஆஸ்பத்திரி. மிச்சம் இருந்தால் இங்கே கொண்டு வா" என்றார். என்னிடம், "வீட்டுக்காரர் பேர் என்ன அம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "தாஸ்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு மணமேடைக்குத் திரும்பிவிட்டார்.

தொட்டி நிறைந்து, தண்ணீர் வடிகட்டும் கருவி வழியாக மெஷினுக்கு வர எடுத்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. சர்மா காருவுக்குக் குரல் கம்மிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. சுனிதா குழாயை மறுபடி மாட்டினாள். ரத்தம் ஓடத் தொடங்கியது. நான் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டு இயேசுவே, இயேசுவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துக் கோடு சீராகத் தொடங்கியது. சுனிதா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இவர் கண்ணைத் திறந்து சர்மா காருவிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த மருமக கடைசில என்ன செஞ்சா?" என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை! வீட்டுக்குப் போனதும் இளநீருக்கான பாட்டை முழுவதுமாகக் கேட்டுக்கொண்டார்.

என் கணவருக்குச் சிறுநீரகம் சரியாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. இன்றும் வாரம் மூன்று முறை அதே படுக்கைக்குத்தான் போகிறார். சர்மா காருவுக்குத் தொண்டை சரியில்லாத சனிக்கிழமைகளில் இப்போது நான் கதை படிக்கிறேன். அங்கே தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன. படிப்பதைவிட நடுவில் நான் பேசுவது அதிகம் என்று சுனிதா புகார் சொல்கிறாள்.

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் கழித்து, நன்றி சொல்லப் பெண் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் தெரிந்தது. நாலு மெஷினுக்கும் கொடுத்தது போக மண்டபத்துக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். வேறு லாரி கிடைக்கவே இல்லை. பந்தியில் ரசம் இல்லை. சாப்பிட்டவர்கள் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் காகிதத்தில் துடைத்துக்கொண்டு போனார்களாம். சம்பந்தி வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இதெல்லாம் அந்த அம்மாள் சொன்னது. பெண்ணின் தகப்பனார், "தாஸ் எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார். என்னால் அங்கே ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை.

எத்தனையோ சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். ஜெபித்தேன், கிடைத்தது என்று முடித்துவிடுவோம். எனக்குக் கிடைத்தது இன்னொருவர் வீட்டு விசேஷத்திலிருந்து எடுத்து வந்தது. ஆண்டவர் வானத்தைத் திறக்கவில்லை, ஒரு மனுஷனுடைய மனதைத் திறந்தார். அதில் அந்த மனுஷனுக்கு வலித்தது. அன்றிலிருந்து என் காலை ஜெபத்தில் இவர் பேருக்கு முன்னால் அந்தக் கல்யாணப் பெண்ணின் பேரைச் சொல்கிறேன்.

நெருக்கத்தில், கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். வெட்கப்படாமல், வெறுங்காலோடு ஓடிப் போயாவது கேளுங்கள். நெருக்கம் இல்லாதவர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டு நல்ல நாளில், நேரம் காலம் தெரியாமல் யாராவது வந்து கை நீட்டினால், விரட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்துத் தெருவில் யாரோ முழங்காலில் இருந்து எழுந்து நேராக உங்களிடம் வந்திருக்கலாம்.